எப்போ ஒழுகுது? பழைய டோசரில் தண்ணீர் குறைந்தால் தேடும் வழி

"அண்ணே, டோசர் தண்ணி குடிக்குது", அதாவது ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்று யாராவது அழைத்தால் நான் முதலில் கேட்பது "எப்போ?" என்றுதான். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே தரை நனைந்திருக்கிறதா, மண் தள்ளும்போது சொட்டுகிறதா, நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து வழிகிறதா? எங்கே என்ற கேள்வி அதற்குப் பிறகு.

செயின் போட்ட டோசரில் சொட்டு விழும் இடத்தை நம்ப முடியாது. எஞ்சினுக்கு அடியில் கனத்த காப்புத் தகடு பூட்டியிருக்கும். அதன் மேல் வருஷக்கணக்கில் மண்ணும் ஒயிலும் சருகும் சேர்ந்து கிடக்கும். முன்னால் வாட்டர் பம்பில் கசியும் தண்ணீர் அந்தத் தகட்டின் மேலேயே ஓடிப் பின்னால் கியர்பெட்டிக்குக் கீழே சொட்டும். சரிவில் நிறுத்தியிருந்தால் இன்னும் தூரம் போகும். ஒழுகும் நேரம் அப்படி இடம் மாறுவதில்லை. குளிரில் ஒழுகுகிற இடம் வேறு, சூட்டில் ஒழுகுகிற இடம் வேறு, அழுத்தத்தில் ஒழுகுகிற இடம் வேறு.

மலைநாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நுவரெலியா, அம்பேவலைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அதே மெசின் பத்து மணிக்கு வெயிலில் முழு வேகத்தில் வேலை செய்யும். இரும்பும் ரப்பரும் ஒரே நாளில் அவ்வளவு சுருங்கி விரிகின்றன.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

மெசினை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பிளேட்டைத் தரையில் இறக்குங்கள், பிரேக்கைப் பூட்டுங்கள், செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அடித்தகட்டைக் கழற்றும்போது நல்ல ஜக் கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் கடைசி போல்ட்டை எடுக்க வேண்டும். மண் சேர்ந்த தகடு ஓர் ஆள் தாங்குகிற எடை இல்லை. அதற்குக் கீழே நெஞ்சைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு போல்ட் கழற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும்.

பிறகு கழுவுங்கள். முழு எஞ்சினையும், ரேடியேட்டரின் இரண்டு பக்கத்தையும் நன்றாகக் கழுவி ஒரு நாள் காய விடுங்கள். மழைக்காலமாக இருந்தால் மேலே படங்கு கட்டுங்கள். கழுவாத எஞ்சினில் ஒழுக்குத் தேடுவது வீண் வேலை. ரேடியேட்டரைக் குறித்த அளவு வரை நிரப்பி, அளவை ஒரு குச்சியில் கீறி வையுங்கள். அடியில் பெரிய காட்போட் மட்டையை விரித்து, எது முன்பக்கம் என்று அதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் தொட்டியில் வெறுங்கையை நிம்மதியாக வைத்திருக்க முடிகிற அளவுக்கு ஆற வேண்டும். ஆறிய பிறகும் சாக்கை மடித்து மேலே போட்டு, மூடியைக் கொஞ்சம் மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு எடுங்கள்.

காலையில் தரை ஈரம், வேலையில் ஒழுக்கே இல்லை

இது குளிர்க் கசிவு. பத்தில் எட்டு தடவை ஹோஸும் கிளிப்பும்தான். பழைய ரப்பர் இரவில் இறுகிச் சுருங்கும்போது கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழுகிறது. எஞ்சின் சூடானதும் ரப்பர் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். அதனால் ஒப்பரேட்டர் "வேலை நேரத்தில சொட்டே இல்ல" என்று சத்தியம் பண்ணுவார். அவர் சொல்வது சரிதான்.

கிளிப்பைக் குளிர்ந்த நிலையில் இறுக்குங்கள். கம்பி முறுக்கிக் கட்டியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டு அகலமான கிளிப் போடுங்கள். கம்பி ரப்பரை அறுக்கும். ஹோஸைக் கழற்றினால் அது உட்காரும் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே துரு மேடும் பள்ளமுமாக இருந்தால் எந்த ஹோஸும் பிடிக்காது. அரத்தாள் போட்டு மட்டமாக்குங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கையால் பிசைந்து பாருங்கள். கொழகொழ என்றிருந்தால் வேகம் கூட்டும்போது பம்பின் உறிஞ்சலில் அது ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தையே அடைக்கும். அப்படிப்பட்ட ஹோஸை ஒழுகாவிட்டாலும் மாற்றுங்கள்.

ஓடும்போது முன்பக்கம் சொட்டு, வேகத்தோடு கூடும்

வாட்டர் பம்ப். பம்பின் உடம்பில், தண்ணீர் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, கீழ்நோக்கிச் சின்னத் துளை ஒன்று இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று செய்தவர்களே வைத்த துளை அது. அதில் தண்ணீர் வந்தால் தண்ணீர் சீல் போய்விட்டது. கியரால் ஓடும் பம்பாக இருந்து அந்தத் துளையில் ஒயில் வந்தால், போனது உள்ளே இருக்கிற ஒயில் சீல்.

அந்தத் துளையை அடைக்காதீர்கள். தேயிலைக் குச்சியைச் சீவி அடித்து ஒழுக்கை "நிறுத்திய" ஒரு மெசின் என்னிடம் வந்தது. கியர் பம்ப். வெளியே போக வழியில்லாத தண்ணீர் ஒயில் சீலைத் தாண்டி டைமிங் கியருக்குள் இறங்கி, அங்கிருந்து எஞ்சினின் அடி ஒயில் தொட்டியான சம்ப்பை நிறைத்திருந்தது. ஒரு சீலோடு முடிய வேண்டிய வேலை மெயின் பேரிங் வரை போனது.

பெல்ட்டால் ஓடும் பம்பானால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு விசிறியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. சீலை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் திரும்பவும் ஒழுகும்.

நிறுத்திய பிறகு கொதித்து வழிகிறது

இதைத்தான் அதிகம் பேர் ஒழுக்கு என்று நினைக்கிறார்கள். பல நேரம் ஓட்டையே இருக்காது, தண்ணீர் கொதித்து வெளியேறியிருக்கும்.

கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் ஏற ஏற 1 பாகை குறையும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். எஞ்சினோ வேலை நேரத்தில் 80க்கும் 90க்கும் நடுவில் ஓடுகிறது. கீழ்நாட்டில் பத்துப் பாகை இடைவெளியில் தப்பிக்கிற மெசினுக்கு இங்கே நாலைந்து பாகைகூட மிச்சமில்லை.

அந்த இடைவெளியை நமக்குத் திருப்பித் தருவது ரேடியேட்டர் மூடி. 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல்) அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை ஏறும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் பத்துப் பாகை கிடைக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் துருப்பிடித்து இறந்திருந்தாலோ, ரேடியேட்டர் கழுத்து நசுங்கியிருந்தாலோ அந்தப் பத்தும் போய்விடும். சில பழைய மெசின்களில் அழுத்த வால்வு மூடியில் இல்லாமல் மேல் தொட்டியில் தனியாக இருக்கும். மூடியை மட்டும் மாற்றிவிட்டு ஏமாறாதீர்கள், அந்த வால்வையும் தேடிப் பாருங்கள். வேறு வண்டியின் கூடிய அழுத்த மூடியைப் போடவும் கூடாது. பழைய ஈயப்பற்றுத் தொட்டி அதைத் தாங்காது.

மூடி சரியென்றால் ரேடியேட்டரின் காற்று வழியைப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்தி, இந்தப் பக்கம் டோர்ச் அடித்தால் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். ஒயில் கசிவோடு தூசி சேர்ந்தால் சிமெந்து பூசின மாதிரி ஆகிவிடும். காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து, அது ஓடும் திசைக்கு எதிராக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் வோஷரைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும். விசிறி பெல்ட்டின் தொய்வையும் அதோடு பாருங்கள்.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுக்கும் வால்வு) கழற்றி எறிவது நம்மிடையே பரவலான பழக்கம். மலைநாட்டுக் குளிருக்கு அது பெரிய கெடுதல். எஞ்சின் சூடேறாமலே ஓடி, சிலிண்டரில் உண்டாகும் ஈரம் ஒயிலிலேயே தங்கும். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாக ஆடை படியும். அதைப் பார்த்து "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகடு போய்விட்டது என்று, ஹெட்டை இறக்கியவர்கள் உண்டு. மூடியில் மட்டும் ஆடை இருந்து, ஒயில் குச்சியில் ஒயில் சுத்தமாக இருந்தால், ரேடியேட்டர் அளவும் குறையாவிட்டால், ஹெட்டைத் தொடாதீர்கள். தெர்மோஸ்டட்டைப் போட்டு, ஒரு நாள் முழுக்க நல்ல வேலை கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ரேடியேட்டரிலேயே ஓட்டை

பச்சை அல்லது வெள்ளைத் தடம் காய்ந்த இடமே காட்டிக்கொடுக்கும். கீழ்த் தொட்டியின் மூலையில் திரும்பத் திரும்ப வெடித்தால் ரேடியேட்டரைக் குறை சொல்லாமல் அது உட்காரும் ரப்பர்களையும் போல்ட்டுகளையும் பாருங்கள். கல்லின் மேல் செயின் ஏறி இறங்கும் ஒவ்வொரு உதறலும் நேரே தொட்டிக்குப் போகிறது. ஈயப்பற்று வேலையை ரேடியேட்டர் பாஸிடம் கொடுங்கள். வெல்டிங் கடையில் பித்தளைத் தொட்டியைக் காய்ச்சினால் பக்கத்துப் பற்றெல்லாம் விட்டுவிடும்.

வெளியே சொட்டே இல்லை, தண்ணீர் மட்டும் போகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். தண்ணீர் உள்ளே போகிறது. போகக்கூடிய இடம் மூன்று: ஒயில், சிலிண்டர், கியர்பெட்டி ஒயில்.

முதலில் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். கைப்பம்பு டெஸ்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய மூடியொன்றில் சைக்கிள் டியூப் வால்வைக் காற்றுப் போகாமல் பற்றவைத்து, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் அடிக்கலாம். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் அடிக்காதீர்கள், கொம்ப்ரசரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் ஒழுக்கு உள்ளேதான்.

மறுநாள் காலை, ஸ்டார்ட் பண்ணாமல், சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடக் கனம், இரவில் அடியில் தங்கியிருக்கும். ஒயிலுக்கு முன் தண்ணீர் வந்தால் விடை கிடைத்துவிட்டது. கொஞ்சமாகக் கலந்திருக்கிறதா என்று தெரியாவிட்டால், சூடான தகட்டில் இரண்டு சொட்டு ஒயில் விடுங்கள். கடுகு வெடிக்கிற மாதிரி சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் இந்தச் சோதனையே தேவையில்லை. அந்த ஒயிலோடு எஞ்சினை ஒரு நிமிஷமும் ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும்.

தண்ணீர் ஒயிலுக்குள் வந்த வழியைக் கண்டுபிடிக்க ரேடியேட்டருக்குள்ளேயும் பாருங்கள். அங்கே ஒயில் மிதந்தால் சந்தேகம், தண்ணீரால் ஒயிலை ஆற்றும் ஒயில் கூலர் மேல். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் தண்ணீரை விட அதிகம், அதனால் ஒயில் தண்ணீருக்குள் போகும். நிறுத்தினதும் ஒயில் அழுத்தம் பூச்சியமாகும், சூடான தண்ணீரோ அழுத்தத்தோடு நிற்கும், அதனால் தண்ணீர் ஒயிலுக்குள் வரும். இரண்டு பக்கமும் கலப்பது கூலரின் அடையாளம். கூலரைக் கழற்றி, ஒரு பக்க வாய்களை அடைத்து, தண்ணீர்ப் பீப்பாயில் அமுக்கி, மெதுவாகக் காற்று விட்டால் குமிழி வரும். பவர்ஷிப்ட் (ஒயில் அழுத்தத்தில் கியர் மாறும்) கியர்பெட்டி உள்ள மெசினில் கியர் ஒயிலுக்கும் தனிக் கூலர் இருக்கலாம். கியர் ஒயில் வெளுத்திருந்தால் அதைப் பாருங்கள். வெளுத்த கியர் ஒயிலோடு ஓட்டினால் கிளட்ச் தட்டுகளின் பூச்சு உரிந்துவிடும்.

ரேடியேட்டரில் ஒயில் இல்லை, சம்ப்பில் மட்டும் தண்ணீர் என்றால் லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) அடி ஓ-ரிங்குகளை நினையுங்கள். பழைய கேட்டர்பில்லர் டி4டியின் 3304 மாதிரி எஞ்சின்களில் லைனரின் வெளிச்சுவரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. அதைக் கீழே தடுப்பது ரப்பர் வளையங்கள் மட்டுமே. சம்ப்பைக் கழற்றி, கிராங்குக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, அழுத்தம் ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். லைனருக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து சொட்டினால் ஓ-ரிங். லைனரின் உள்சுவரில், பிஸ்டனைத் தாண்டி இறங்கினால் மேலே ஹெட் கேஸ்கட், ஹெட் வெடிப்பு, அல்லது லைனரிலேயே துளை.

லைனரில் துளை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். எரியும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் மணி மாதிரி அதிர்கிறது. அதன் வெளிச்சுவரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து இரும்பைக் கொத்துகின்றன. வெறும் தண்ணீர் ஊற்றிய எஞ்சினில் இது ஊசி குத்தின வரிசையாக வளர்ந்து கடைசியில் மறுபக்கம் துளைத்துவிடும். லைனரை வெளியே எடுத்தால் வெளிப்பக்கத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

புது ஓ-ரிங்குக்குக் கிறீஸ் பூசாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவி இறக்குங்கள். லைனர் பிளாக்கின் முகத்துக்கு மேலே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று டயல் கேஜில் அளந்து மெசினின் கைநூலோடு ஒப்பிடுங்கள். அதை அளக்காமல் ஹெட்டைப் பூட்டினால் அடுத்த ஆறு மாதத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்வீர்கள்.

இனி சிலிண்டர். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் பண்ணி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். எரிந்த காற்று தண்ணீருக்குள் வருவது ஒன்று: ஹெட் கேஸ்கட், ஹெட் வெடிப்பு, பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கும் முன்னெரி அறையின் சீல். மற்றது, கீழ் ஹோஸ் வழியாக பம்ப் வெளிக்காற்றை உறிஞ்சுவது. சந்தேகம் தீர, குளிர்ந்த எஞ்சினில் மூடியைப் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் ஓட்டி மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் எரிந்த காற்று. இறுகாமல், வேகம் கூட்டினால் மட்டும் குமிழி வந்தால் முதலில் கீழ் ஹோஸை மாற்றுங்கள். ஹெட்டை இறக்குகிற செலவில் பத்து ஹோஸ் வாங்கலாம்.

வெள்ளைப் புகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குளிர்க் காலையில் எல்லாப் பழைய டீசலும் வெள்ளையாகப் புகைக்கும். எரியாத டீசல் புகை கண்ணை எரிக்கும், எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். நீராவி கண்ணை எரிக்காது, கூலண்ட் கலந்திருந்தால் இனிப்பு வாடை வரும், சூடான பிறகும் நிற்காது.

ஒயிலில் தண்ணீர், ஆனால் ரேடியேட்டரில் ஒரு சொட்டும் குறையவில்லை

இது மழை. மழைக்காலத்தில்தான் டோசர் அவசரமாகத் தேவைப்படும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படியொரு காலையில் ஸ்டார்ட் ஆகாத மெசினால் யாருக்கும் பயனில்லை. அதனால் சும்மா நிற்கும் டோசரின் புகைக்குழாயைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மேல்நோக்கி நிற்கும் குழாயில் ஆடும் மூடி துருப்பிடித்துத் திறந்தபடி நின்றால், வாரக்கணக்கில் பெய்யும் தென்மேல் பருவமழை நேரே எக்ஸோஸ்டுக்குள் இறங்கும். எந்தச் சிலிண்டரில் எக்ஸோஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள் தண்ணீர் சேரும். பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து ஒயிலோடும் கலக்கும். பிறகு ஒருநாள் ஸ்டார்ட்டரை அடித்தால் எஞ்சின் பாதிச் சுற்றில் "டக்" என்று நிற்கும். தண்ணீரை நசுக்க முடியாது. பற்றரி இறங்கியிருக்கிறது என்று நினைத்து மறுபடி அடித்தாலோ, இன்னொரு மெசினால் இழுத்தாலோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரோட் வளைந்துவிடும். நின்ற உடனே கையை எடுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றி, தண்ணீரை வெளியேற்றுங்கள். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டரில் இறங்கினாலும் இதே கதைதான். எந்தத் தண்ணீர் என்பதை ரேடியேட்டரில் நீங்கள் கீறி வைத்த அளவு சொல்லிவிடும்.

ஆடும் மூடியை இளக்கி வையுங்கள். மெசின் நிற்கும்போது பெரிய மீன் டின் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், எடுக்க மறக்காதபடி அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். கியர்க் கம்பியின் அடி ரப்பர், ஒயில் குச்சி மூடி, கியர் ஒயில் ஊற்றும் மூடி ஆகியவற்றின் வழியாகவும் மழை இறங்கும். உலர் (ஒயிலில் மூழ்காத) ஸ்டியரிங் கிளட்ச் உள்ள பழைய மெசின்களில் அந்த அறைக்கு அடியில் வடிகால் பிளக் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெட்ரோல் குட்டி எஞ்சின் உள்ளவை

டீசலைக் கிளப்பப் பெட்ரோல் குட்டி எஞ்சின் வைத்த பழைய டி4 மாதிரி மெசின்களில், குட்டிக்கும் பெரியதுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது. பெரிய எஞ்சினில் மூன்று நாள் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் குட்டியின் ஒயிலைப் பாருங்கள். அதன் சம்ப் சின்னது, கொஞ்சம் தண்ணீருக்கே அளவு ஏறிவிடும்.

எதை ஊற்றுவது

மலையின் பீலித் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் அநுராதபுரப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி உப்புப் படிய வைப்பதில்லை. ஆனாலும் வெறும் தண்ணீர் துருவைத் தடுக்காது, லைனரைக் கொத்தும் குமிழியையும் தடுக்காது. மழை நாளில் வண்டலும் சேர்ந்து வரும். கனரக டீசலுக்கென்று விற்கும் கூலண்டை, சுத்தமான தண்ணீரோடு குறைந்தது 30 வீதம் கலந்து ஊற்றுங்கள். நமக்கு இது உறைபனிக்காக அல்ல, துருவுக்காக.

மஞ்சள் தூளும் மிளகுத் தூளும் கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கலாம். அதற்கு முன் கூலரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். வழியில் நின்றுபோன மெசினை வீடு சேர்க்கக்கூட நான் அதை ஊற்றுவதில்லை. தண்ணீர்க் கலன்களை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று ஊற்றி வந்திருக்கிறேன். அப்படி ஊற்றும்போதும் கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் வெடிக்கும்.

இறக்கிய கூலண்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். அது இனிக்கும் நஞ்சு; நாய் நக்கினால் செத்துப்போகும். கானில் ஊற்றினால் கீழே உள்ள லயத்துப் பீலிக்குத்தான் போய்ச் சேரும். அங்கே பிள்ளைகள் குடம் வைக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் அடித்தகட்டை அவசரமாகப் பூட்டாதீர்கள். காட்போட் மட்டையைத் திரும்ப விரியுங்கள். மூன்று காலை, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், குச்சியில் கீறிய அளவைப் பாருங்கள். முதல் நாள் உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதால் கொஞ்சம் இறங்கும், நிரப்பிவிடுங்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அளவு அப்படியே நின்று, மட்டையும் காய்ந்திருந்தால், ஜக்கை வைத்துத் தகட்டை ஏற்றுங்கள்.